பையர் இல்லாத நாடு

பாலைவனத்தில் ஒரு பொம்பளைக்குத் தனியாக என்ன வேலை என்று கேட்டவர்கள்தான், கொஞ்ச நாளிலேயே என் முதுகில் பனியன் மூட்டையைக் கட்டி அனுப்பப் பார்த்தார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் வரட்டும். அடக்கி அடக்கி வைத்ததில் முப்பத்து நான்கு வயதிலேயே எனக்குப் பிரஷர் மாத்திரை.

என் பெயர் சித்ரகலா. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் எங்கள் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அந்த வேலை. கல்யாணம் ஆகி, இரண்டே வருடத்தில் அது முறிந்து, வீரபாண்டியில் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அண்ணன் வீடு என்பதே பழக்கதோஷம்தான். அப்பா கட்டிய வீடு அது, எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஊரில் ஒருவர்கூட அதை என் வீடு என்று சொல்லிக் கேட்டதில்லை.

எல்லாம் ஒரு நிறத்தில் ஆரம்பித்தது. ஜெர்மனிப் பையர் ஒருவர் டி-ஷர்ட்டுக்கு 'பாலைவன மணல்' என்று ஒரு கலர் கேட்டார். முழுத் துணிக்கும் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சின்னத் துண்டில் ஏற்றிக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். லேப் டிப் என்போம். முதலில் அனுப்பியதில் சிவப்பு தூக்கல் என்றார்கள். அடுத்தது மஞ்சளடிக்கிறது. அதற்கடுத்தது செத்துப்போன மாதிரி இருக்கிறது. என் தலையைக் கண்டாலே டையிங் மாஸ்டர் பாத்ரூமுக்குள் புகுந்துகொள்வார். கடைசியில் பையர் ஆபீசிலிருந்து ஹன்னா என்கிற பெண் ஒரு போட்டோ அனுப்பினாள். மணல் மேடு, அதன் மேல் ஒரு முதுகுப்பை, ஒரு ஜோடிச் செருப்பு. சுற்றிலும் ஆள் அரவமே இல்லை. இந்த நிறம்தான் வேண்டும், இது நானே எடுத்த போட்டோ, போன ஜனவரியில் மொரிட்டானியாவுக்குத் தனியாகப் போயிருந்தேன் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

அவள் லீவு போட்டுப் போய் நின்ற மணலை நான் லேபில் உட்கார்ந்து சாயத்தில் கலக்கிக்கொண்டிருக்கிறேன். ஹன்னா மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பெண். கோபமெல்லாம் என் மேல்தான். அப்படி ஓர் இடத்துக்குப் போகலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லையே. எனக்குத் தெரிந்த வெளியூர்ப் பயணமெல்லாம் பழனி, திருச்செந்தூர், அப்புறம் குடும்பநல கோர்ட்.

அன்றைக்கு மத்தியானம் தயிர்சாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மொரிட்டானியா எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம். சஹாரா பாலைவனத்தில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்து நாடு என்று பெயர் வைத்த மாதிரி இருந்தது. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில் வெறும் மணல். இரும்புக்கல் ஏற்றிக்கொண்டு ஒரு நீள ரயில் ஓடுகிறது. சிங்கெட்டி என்று ஒரு பழைய ஊர், அதன் தெருக்களுக்குள் மணல் ஏறி வந்துகொண்டே இருக்கிறதாம். அங்கே போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எந்தத் துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டியதில்லாத ஓர் இடம்.

ஷிப்மென்ட்டுக்குத் திட்டம் போடுகிற மாதிரியே போட்டேன். நூல் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், தையல் எப்போது முடிய வேண்டும் என்று வரிசை கட்டுவதில் என்னை மிஞ்ச எங்கள் கம்பெனியில் ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பிய ஆபீஸ்கள் மூடிக் கிடக்கும்போது எனக்கு லீவு கிடைக்கும். மூன்று விமானம் மாறி, நடுவில் ஒரு ஏர்போர்ட் பெஞ்சில் தூங்கி எழுந்து போனால் டிக்கெட் மலிவு. பெட்டியைத் தனியாகப் போட்டால் அதற்கு வேறு அழ வேண்டும், ஆகவே கையில் ஏழு கிலோ பை மட்டும். தங்குவதற்கு விடுதி மொட்டைமாடியில் ஒரு மெத்தை. ஷேர் வண்டியில் இடிபடாமல் இருக்க முன்சீட்டு இரண்டையும் நாமே பிடித்துவிட வேண்டும் என்று முன்னால் போய்வந்த பெண்கள் எழுதியிருந்தார்கள். தொல்லை கொடுக்காமல் இருக்க ஒரு போலிக் கல்யாண மோதிரம் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடம் அசலே பீரோவில் சும்மா கிடக்கிறது. அந்தக் கல்யாணத்தால் இதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை, அந்த மோதிரமாவது உழைக்கட்டும்.

பயம் இல்லாமலில்லை. வண்டி மணலில் நின்றுவிட்டால் என்ன செய்வது, காய்ச்சல் வந்தால் யார் தண்ணீர் தருவார்கள் என்று படுக்கையில் புரண்டிருக்கிறேன். ஆனால் அது என் பயம். அதற்கு நான் தண்ணீர்ப் புட்டியும் மாத்திரையும் இன்சூரன்ஸும் வைத்துச் சமாளித்துக்கொள்வேன். மற்றவர்களின் பயத்துக்குத்தான் மருந்தே இல்லை.

போனில் இருந்த பாஸ்போர்ட் நகலை வைத்து ஆன்லைனிலேயே விசா வந்தது, டிக்கெட் வந்தது. பாஸ்போர்ட் மட்டும் என் கையில் இல்லை. விவாகரத்தாகி வந்தபோது பத்திரமாக இருக்கட்டும் என்று என் நகையோடு சேர்த்து அதையும் அண்ணன் தன் கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டான். அண்ணன் பெயர் வேலுமணி. பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறான். நேரில் அவனுக்கு நான் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது போடுவதாக இல்லை.

ஒரு சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் பாஸ்போர்ட் வேண்டும் என்று கேட்டேன், விஷயத்தையும் சொன்னேன். அண்ணி பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அம்மா தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். அண்ணன் கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

"நீ எங்க வேணும்னாலும் போலாம் அம்மிணி, ஆரு தடுத்தா? ஊட்டிக்குப் போ, குருவாயூருக்குப் போ. நானே கார் வெச்சுத் தாட்டி உடறேன். தனியாத்தான் வேண்டாங்கறேன்" என்றான்.

தனியாகப் போவதுதான் பயணமே என்றேன். அது அவனுக்குப் புரியவில்லை. புரியாததற்குக்கூட நான் கோபப்படவில்லை. "எதுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான் பாருங்கள், அதற்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவன் வருடா வருடம் கூட்டாளிகளோடு கோவாவுக்குப் போகிறான். எதுக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆம்பளை போனால் டூர், பொம்பளை போனால் காரணம் கேட்கும் நோட்டீஸ்.

மறுநாள் அம்மா சாப்பிடவில்லை. அம்மா பெயர் குழந்தையம்மாள். வீட்டு வேலை முடிந்ததும் அண்ணன் யூனிட்டிலிருந்து வரும் பனியன்களை மடியில் போட்டுக்கொண்டு, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டே இருப்பாள். டி.வி. பார்க்கும்போதும் வெட்டுவாள், சொந்தபந்தம் ஒறம்பரை வந்தாலும் வெட்டுவாள். பட்டினி கிடந்த அன்றைக்கும் வெட்டினாள். எனக்கு அம்மா மேலும் ஆத்திரம்தான். விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றும் இதே மாதிரி சாப்பிடாமல் கிடந்தாள். நான் என்ன முடிவெடுத்தாலும் இவள் வயிற்றில்தான் வந்து விடிகிறது.

அடுத்ததாகச் சென்னிமலை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பிரிண்டிங் பட்டறை முதலாளி, குடும்பத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி. காப்பியை ஆற்றிக்கொண்டே, அங்கே வெயிலில் மண்டை வெடிக்கும், ஆட்களைக் கடத்துவார்கள், அந்தப் பாஷை தெரியுமா, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பொணத்தைக் கொண்டுவரவே எம்.பி.யைப் பிடிக்க வேண்டும் என்று அடுக்கினார். எல்லாம் என் நல்லதுக்குத்தானாம். மறுபடியும் ஒரு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இப்படியொரு பேர் வேண்டாமாம். கேட்டீர்களா, மண்டை வெடிப்பதில் ஆரம்பித்து மாப்பிள்ளையில் வந்து நின்றார்.

"லாக்கர் சாவி எங்கிட்ட இருக்குது, அது அங்கியே இருக்கட்டும்" என்றான் அண்ணன். அத்தோடு பேச்சு முடிந்தது என்று எல்லோரும் எழுந்து கை கழுவினார்கள். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் புதிதாக வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் தேதி தாண்டிவிடும். அண்ணன் லாக்கரில் பூட்டப்பட்ட ஒரு சின்னப் புத்தகத்துக்காக நான் திருடி மாதிரி வழி தேட வேண்டியிருந்தது.

இதற்குள் செய்தி ஊர் சுற்றிவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சேவூரில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில், பனியன் யூனிட் வைத்திருக்கும் மாரப்பன் சித்தப்பா பந்தியில் வைத்தே அண்ணனைக் கேட்டுவிட்டார், உன் தங்கச்சி ஆப்பிரிக்காவுக்குத் தனியாகப் போகிறதாமே என்று. அண்ணனுக்கு மானம் போய்விட்டது. சட்டென்று, அது கம்பெனி வேலை, புதுசா ஒரு பையரைப் பார்க்கப் போகிறது என்று சொல்லிவிட்டான். அனுப்புவதாகவே இல்லாத தங்கச்சிக்கு அவனே ஒரு காரணமும் வைத்துவிட்டான். அப்போதைக்குத் தப்பித்தால் போதும், அப்புறம் மெல்ல அந்தப் பையர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கதை கட்டிவிடலாம் என்று நினைத்திருப்பான்.

ஆனால் அவன் யாரிடம் சொன்னான்? திருப்பூர்க்காரர்களிடம் சொன்னான். ஆர்டர் என்றால் பிணமும் வாய் திறக்கிற ஊர் இது. புது நாடு, புதுப் பையர், இதுவரை யாரும் கால் வைக்காத மார்க்கெட் என்று பந்தி முழுக்கக் கிசுகிசுத்திருக்கிறார்கள். சித்தப்பா இலையை மூடியதும் அண்ணனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், வெள்ளை ரவுண்ட் நெக் பனியன் நாம் கொடுக்கலாமே, ஒரு சாம்பிள் மட்டும் தாட்டி உடலாமே என்றாராம். மறுநாள் காலையில் சாம்பிள் வந்தது. சாயங்காலம், பையர் சங்கதியை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்ற சேதியோடு சென்னிமலை மாமாவிடமிருந்து பிரிண்ட் போட்ட டி-ஷர்ட் ஒரு கட்டு. அப்புறம் பக்கத்து யூனிட்காரரிடமிருந்து குழந்தைகள் ஜட்டி. வாசலில் செருப்பு நிறைந்தது. என்ன ஏது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணனும் மாறினான். முதலில் வெட்கப்பட்டான், அப்புறம் யோசித்தான், அப்புறம் நம்பவே ஆரம்பித்துவிட்டான். இரண்டு மாதமாக அவன் யூனிட்டில் பாதி மெஷின் சும்மா நிற்கிறது, எனக்குத் தெரியும். என் அறை வாசலில் வந்து நின்று, அங்கே ஜனங்கள் காட்டன் போடுவார்களா பாலியஸ்டர் போடுவார்களா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததை அவன் வியாபார ரகசியம் என்று எடுத்துக்கொண்டான்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டுகளையெல்லாம் தெருவில் வீசியிருப்பேன். வீசவில்லை, பொறுத்தேன். லாக்கர் சாவி அவனிடம் இருந்தது.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தான். நேராக என் கையில் கொடுத்தானா? வெற்றிலை, வாழைப்பழம் வைத்த தட்டில் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அட்டையில் சந்தனப் பொட்டு வைத்தான். மாமா வந்திருந்தார், சித்தப்பா வந்திருந்தார். ஹாலில் சாம்பிள் பைகள் சுவரோரம் வரிசையாக நின்றன. அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து கடைசிக் கட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். என் ஏழு கிலோ பை மூலையில் இருந்தது. அதிலிருந்து என் போர்வையையும் தண்ணீர்ப் புட்டியையும் யாரோ வெளியே எடுத்து வைத்துவிட்டு, பனியன்களைத் திணித்திருந்தார்கள்.

இரண்டு செட் துணி போதும், பாதி சோப்பு போதும் என்று கிராம் கிராமாகக் குறைத்துக் கட்டிய பை அது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துக்கமில்லை. கோபம் முற்றினால் எனக்குக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மாமா அதைப் பார்த்துவிட்டுப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே கேட்டேன், தனியாகப் போவது பத்திரம்தானா மாமா என்று.

"பயமென்ன அம்மிணி? இந்தக் காலத்துல பொம்பளைங்க நெலாவுக்கே போறாங்க. ஞாயமாச் சொன்னாத் தனியாப் போறதுதான் நெம்பச் சௌகரியம். கூட ஒரு ஆளப் போட்டா அவனுக்கொரு டிக்கெட்டு, அவனுக்கொரு ரூமு" என்றார். சித்தப்பா தலையை ஆட்டினார். அண்ணன் தட்டை நீட்டினான்.

பாஸ்போர்ட்டை எடுத்தேன். சந்தனத்தைத் துடைத்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். சாம்பிள்களைக் கோவை ஏர்போர்ட்டில் யாருக்காவது தானம் செய்துவிட்டு, பையர் வரவில்லை என்று வந்து சொல்லியிருக்கலாம். புத்திசாலி எவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அப்படிச் செய்தால் இனி ஒவ்வொரு தடவையும் வாசலைத் தாண்ட எனக்கு ஒரு பையர் வேண்டும். ஒரு பொய்யின் முதுகில் ஏறித்தான் போவேன் என்றால் அந்த மணலில் போய் உட்கார்ந்து என்ன பயன்?

பையைக் கவிழ்த்தேன். பனியன்கள் தரையில் விழுந்தன.

"அங்க பையர் ஆரும் இல்லீங்க மாமா. நான் சும்மாத்தானுங்க போறேன். மணலப் பாக்கப் போறேன்."

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் முகம் செத்துப்போனது. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பழைய குருடி கதவைத் திறடி. வெயில், கடத்தல், பாஷை, பொணம், எம்.பி., மாப்பிள்ளை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நிலாவரைக்கும் போய்வந்த வாய் மறுபடியும் வீரபாண்டிக்குள் வந்து அடைந்துகொண்டது.

"அதே பாலைவனந்தானுங்க மாமா, அதே பொம்பளதான். ஆர்டர் இருந்தாப் பத்திரம், இல்லாட்டி ஆபத்துங்களா? அப்ப நீங்க வெசனப்பட்டது எனக்காக இல்லீங்க" என்றேன்.

அண்ணன் கையை நீட்டினான். "அதக் குடு அம்மிணி" என்றான். அப்போதும் கத்தவில்லை. நான் கொடுக்கவில்லை. அப்படியானால் இந்தப் படியைத் தாண்டினால் திரும்பி இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டை விட்டு வந்தவளுக்கு இன்னொரு வீடு போவது எப்படியிருக்கும் என்று தெரியும். இருந்தாலும் போர்வையை எடுத்துப் பையில் வைத்தேன், புட்டியை எடுத்து வைத்தேன்.

கத்தரிச் சத்தம் நின்றிருந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமா அங்க ஒரு சோலியும் இல்லியா, கண்ணு?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"ஆருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லியா? சும்மா உக்காந்துக்கலாமா?"

ஆமாம்மா, சும்மா உட்கார்ந்துகொள்ளலாம் என்றேன். அவளும் ஏதாவது ஆரம்பிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா மடியிலிருந்த பனியனைத் தரையில் போட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அண்ணன் நீட்டிக்கொண்டிருந்த கையில் பிசிறு வெட்டும் கத்தரியை வைத்தாள்.

"இது எம்பட ஊடுந்தான், வேலுமணி. எம்பட புள்ள திரும்பி வர்றப்பக் கதவ நாந்தான் தொறப்பன்" என்றாள். பிறகு என் பையின் ஜிப்பை அவளே இழுத்து மூடினாள்.

"அப்படி ஒரு எடம் இருக்குதுன்னா, ஆராச்சும் ஒருத்தி போயிப் பாத்துட்டு வரட்டும்."